ஒரே தகட்டில் ஒரு சுழல்: கிருஷ்ண ரெட்டியின் செதுக்கச்சும் ஆசிரியப் பணியும்



நம் ஊரில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. தமிழறிஞர் பெயரில் உண்டு, நீதிபதி பெயரில் உண்டு, தொழிலதிபர் பெயரில் உண்டு. பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒருவரின் பெயரில், அவரிடம் படித்தவர்களே பணம் சேர்த்து வைத்த அறக்கட்டளை அபூர்வம். அப்படியோர் அறக்கட்டளையின் மேடையில் நின்று பேச எனக்குக் கிடைத்த வாய்ப்பைப் பெருமையாக நினைக்கிறேன். நானும் முப்பது வருடத்துக்கு மேல் அதே வேலையைப் பார்த்தவன்தான்.

எங்கள் தொழிலைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஓவியனாகத் தேறாதவன் ஓவிய வாத்தியார் ஆகிறான் என்பார்கள். பாடவேளை அட்டவணையிலும் அந்த எண்ணம் தெரியும். பரீட்சை நெருங்கினால் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். கொடுக்க மாட்டேன் என்று சொன்ன மாஸ்டரை நான் பார்த்ததில்லை. கற்பிப்பது கலைஞனுக்குச் சோறு போடும் வேலை, அவன் கலை வேறு எங்கோ தனியாக நடக்கிறது என்பதே இந்த எண்ணத்தின் அடிப்படை. இன்று ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். படத்தின் பெயர் 'சுழல்'. ஆண்டு 1963. செய்தவர் கிருஷ்ண ரெட்டி.

1. நந்தனூரிலிருந்து பாரிஸ் வரை

கிருஷ்ண ரெட்டி 1925இல் சித்தூர் மாவட்டத்தின் நந்தனூரில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணம். மதனப்பள்ளிப் பக்கத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷிவேலிப் பள்ளியில் படித்தார். பிறகு சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனம். அங்கே நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் என்று மூன்று பெரிய ஆசிரியர்கள். மூவரும் வாழ்நாள் முழுக்கக் கற்பித்தவர்கள். மூவரும் இந்திய நவீனக் கலையின் முதல் வரிசையில் இருப்பவர்கள். நந்தலாலின் கைவேலையில் அச்சுக்கும் இடம் இருந்தது. 1930இல் தண்டி யாத்திரையில் தடியூன்றி நடக்கும் காந்தியை லினோலியத்தில் வெட்டி அச்சிட்டார். கறுப்பு வெள்ளையில் அந்த உருவம் இன்றைக்கும் நம் கண்ணில் நிற்கிறது. அதே ஆண்டு தாகூரின் குழந்தைப் பாடநூலான 'சஹஜ் பாட்'டுக்கும் அவர் செய்த அச்சுப் படங்கள் வந்தன. ஆக, பாடம் சொல்வதும் அச்சு எடுப்பதும் ஒரே மனிதரின் கையில் இயல்பாக நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர் ரெட்டி.

படிப்பு முடிந்ததும் 1947இல் சென்னைக்கு வந்தார். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் ஓவியப் பிரிவுக்குத் தலைவரானார். வயது இருபத்திரண்டு. 1949 வரை இங்கேதான் இருந்தார். அதே ஆண்டுகளில் சென்னையில் மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சி மையத்திலும் ஓவியம் கற்பித்தார். 1939இல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். அந்தச் சூடு ஆறாத காலம் அது. குழந்தை முதலில் கையால் தொட்டு அறியட்டும், பெயர் பிறகு வரட்டும் என்பது மாண்டிசோரி முறையின் உயிர். பொருளைத் தொட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்துப் பிறகு முடிவுக்கு வருவதைத்தான் ரெட்டி பின்னாளில் துத்தநாகத் தகட்டில் செய்தார். அவர் அதை இங்கேதான் கற்றார் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் அவருடைய முதல் வகுப்பறை நம் ஊரில் இருந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

1949இல் லண்டன் போனார். ஸ்லேட் கலைப்பள்ளியில் ஹென்றி மூரிடம் சிற்பம். அடுத்துப் பாரிஸில் ஓசிப் ஸாட்கினிடம் சிற்பம். பின்னர் மிலானில் மரினோ மரினியிடமும் சிற்பமே. இந்த வரிசையைக் கவனியுங்கள். அச்சுக்கலைக்குப் பெயர்போன இந்த மனிதர் அடிப்படையில் சிற்பி. தகட்டை அவர் காகிதமாக நினைக்கவில்லை. குடைந்து இழைக்க வேண்டிய உலோகமாக நினைத்தார். 'சுழல்' புரிய வேண்டுமானால் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. பள்ளத்தில் தங்கும் மை

செதுக்கச்சு, அதாவது எட்சிங், என்றால் என்ன என்பதை மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பழைய பத்திரிகை அச்சகங்களில் படம் போட வேண்டுமென்றால் 'பிளாக்' செய்யக் கொடுப்பார்கள். துத்தநாகத் தகட்டில் படம் இல்லாத இடத்தை அமிலம் அரித்துவிடும். மேடாக நிற்கும் பகுதியில் மை ஏறும், அது காகிதத்தில் விழும். எட்சிங் இதற்கு நேர் எதிர். தகட்டின் மேல் மெழுகும் தாரும் கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் அதைக் கீறிப் படம் வரைவார்கள். அமிலத்தில் போட்டால் கீறிய கோடு மட்டும் அரிக்கும். எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு ஆழம். பூச்சைத் துடைத்துவிட்டுத் தகடு முழுக்க மை தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரக் காகிதத்தை வைத்து, மேலே கம்பளி விரித்து, பிரஸ்ஸின் இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி ஓட்டினால் காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். அமிலம் இல்லாமல் உளியாலேயே கீறுவதும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம்.

உங்கள் பையில் உள்ள நூறு ரூபாய் நோட்டை எடுத்து காந்தியின் படத்தின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாகத் தட்டுப்படும். அது பள்ள அச்சு. மை காகிதத்தின் மேல் புடைத்து நிற்கிறது. கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கடைக்காரர் விரல் தேடுவதும் அதைத்தான்.

கறுப்பு ஒன்றே போதுமென்றால் இந்த முறையில் தொல்லை இல்லை. ரெம்பிராண்டும் கோயாவும் கறுப்பை வைத்தே உலகத்தைக் காட்டினார்கள். நிறம் வேண்டுமென்றால்தான் சிக்கல். நிறத்துக்கு ஒரு தகடு செய்ய வேண்டும். முதல் தகட்டில் ஓட்டிய காகிதத்தை அடுத்த தகட்டின் மேல் மயிரிழை பிசகாமல் பொருத்த வேண்டும். ஈரக் காகிதமோ ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் நீளும், காய்ந்தால் சுருங்கும். தவிர, மூன்று தகட்டில் பிரித்துச் செய்யும்போது நிறம் முன்கூட்டியே திட்டமிட்ட ஒன்றாகிவிடுகிறது. வேலை செய்துகொண்டே கண்டுபிடிக்கும் சுதந்திரம் போய்விடுகிறது.

3. பாரிஸ் பட்டறையும் மையின் பதமும்

இந்தச் சிக்கலை அவிழ்த்த இடம் பாரிஸில் இருந்த 'அட்லியே 17'. அதை 1927இல் தொடங்கியவர் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் என்ற ஆங்கிலேயர். வேதியியலும் நிலவியலும் படித்தவர். பாரசீக வளைகுடாவில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பட்டறை இருந்த கதவிலக்கம் 17, அதுவே பெயரானது. போர்க்காலத்தில் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்து 1950இல் பாரிஸ் திரும்பியது. பிக்காசோ, மிரோ, ஜாக்கோமெட்டி, ஜாக்ஸன் பொல்லாக் என்று அங்கே கை அழுக்காக்கிக்கொண்டவர்கள் பலர். பெயர் பெற்றவரும் நேற்று வந்தவரும் ஒரே மேசையில் வேலை செய்வார்கள். ஒருவர் கண்டது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரெட்டி ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தார். 1964இல் இணை இயக்குநரானார்.

அங்கே ரெட்டியும், பம்பாயில் பிறந்த கைகோ மோட்டியும், ஹேட்டரும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஒரே தகட்டில் ஒரே ஓட்டத்தில் பல நிறம் எடுக்கும் முறை. அதன் சூட்சுமம் மையின் பதத்தில் இருக்கிறது. பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்; இளம்பதத்துக்கும் கம்பிப்பதத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பலகாரமே இருக்கிறது. அச்சு மையில் ஆளிவிதை எண்ணெய் கூடினால் இளகும். குறைந்தால் இறுகிப் பிசுபிசுக்கும். இளகிய மை ஏற்கெனவே ஏறியிருக்கும் இடத்தின்மேல் இறுகிய மையை உருட்டினால் அது ஒட்டாது, விலகிவிடும். இரண்டுமே எண்ணெய் மைதான். எண்ணெயின் அளவு மட்டுமே வேறு. கல் அச்சில் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று விலக்குவது வேறு சங்கதி, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது தகடு. அமிலத்தாலும் கருவிகளாலும் அதை ஒரே மட்டமாக விடாமல் மேடு, இடைமட்டம், ஆழம் என்று பல மட்டங்களாகக் குடைந்திருக்கிறார்கள். முதல் மை ஆழப் பள்ளங்களுக்குள் போகிறது, மேலே துடைத்துவிடுகிறார்கள். அடுத்து ஒரு கெட்டியான ரப்பர் ரோலர். அதில் இளகிய மை. கெட்டி ரோலர் வளைந்துகொடுக்காது, ஆகையால் மேட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். பிறகு மெத்தென்ற ரோலர். அதில் இறுகிய மை. அது அமுங்கி இடைமட்டத்துக்கும் இறங்கும். மேட்டில் ஏற்கெனவே இளகிய மை இருப்பதால் அங்கே இது ஒட்டாது. கீழே மட்டும் ஒட்டும். ஆக ஒரே தகட்டில் மூன்று நிறம், ஒன்றோடொன்று கலக்காமல். காகிதத்தை ஒரே ஒரு முறை ஓட்டினால் போதும். பதத்தை மாற்றிப் போட்டால் அதே தகடு வேறு படம் தரும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ரோலர் எந்த ஆழம்வரை போகிறதோ அதுதான் அங்கே நிறம். அதாவது குடையும்போதே நிறத்தையும் தீர்மானித்துவிடுகிறீர்கள். சிற்பியின் கை ஓவியனுக்கு வேலை செய்கிறது. மூரிடமும் ஸாட்கினிடமும் படித்தது இங்கே வந்து பயன்பட்டது.

4. 'சுழல்'

திரையில் நீங்கள் பார்க்கும் படம் இந்த முறையில் வந்தது. அளவில் பெரிதல்ல, விரித்த நாளிதழுக்குள் அடங்கிவிடும். திரையில் இதைக் காட்டுவதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. காகிதத்தின் மேல் மை புடைத்து நிற்பதும், தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்திருப்பதும் திரையில் தெரியாது. அதை நீங்கள்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

நீர்ச்சுழலை வரைய வேண்டுமென்றால் நாம் ஆற்றை வரைவோம், கரையை வரைவோம், நடுவில் சுழி போடுவோம். இங்கே கரை இல்லை, வானம் இல்லை, படகு இல்லை. தகட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை சுழலேதான். வளைந்து வளைந்து மையத்துக்கு இழுக்கப்படும் கோடுகள் ஒருபுறம். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் கோடுகள் மறுபுறம். இரண்டும் சேர்ந்து ஒரு வலையாகிறது. அருகில் போய்ப் பார்த்தால் அது ஆயிரம் துண்டுகளாக உடைந்த நிறம். நீலத்தை ஒட்டி ஒரு வெளிர்ப் புள்ளி, அதை ஒட்டி வேறு நிறம். நிறங்கள் காகிதத்தில் கலக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நாலடி பின்னால் நகர்ந்தால் உங்கள் கண் அவற்றைக் கலந்துகொள்கிறது. அப்போது தண்ணீர் அசைகிறது.

சிலர் இதில் விண்மீன் மண்டலத்தைப் பார்க்கிறார்கள், சிலர் கண்ணின் பாவையைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. 1952இலேயே அவர் மீனையும் பூச்சியையும் தகட்டில் செய்திருக்கிறார். உருவத்தின் வெளிக்கோட்டைவிட, அது வளர்ந்த விதமும் அதன் உட்கட்டும் அவருக்கு முக்கியம். 'சுழல்' வருகிறபோது மீன் போய்விட்டது, மீனைச் சுமந்த நீரோட்டம் மட்டும் நிற்கிறது. ஒரு பொருளைப் படமாக்குவதை விட்டு ஒரு விசையைப் படமாக்கியிருக்கிறார். என் கணிப்பில் அவருடைய ஆகச்சிறந்த படம் இதுதான். முறையும் பொருளும் இதைப்போல ஒன்றுக்கொன்று பொருந்திய இன்னொன்றை அவர் செய்யவில்லை. விலகுவதும் ஒட்டுவதுமாக ஓடும் இரண்டு மைகள்தான் இந்த அச்சு முறை. விலகியும் இழுத்தும் ஓடும் நீர்தான் இந்தப் படம்.

5. இது ஏன் ஆசிரியரின் படம்?

இப்போது தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு வருகிறேன்.

இந்த முறை ஒரு தனி மனிதரின் அறைக்குள் பிறக்கவில்லை. யார் முதலில் கண்டது என்று கேட்டால் மூன்று பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்துப் பேர் பத்து விதமாக மை போட்டு, தப்பாக வந்ததையும் மேசையில் வைத்துப் பேசிய இடத்தில்தான் இப்படியொரு முறை பிடிபடும். புதிதாக வந்தவருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் அது ஏன் அப்படி நடக்கிறது என்று நமக்கே கேள்வி எழும். கை பழகிப்போனவனுக்கு அந்தக் கேள்வி எழாது. வகுப்பெடுத்த அனுபவமுள்ள யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டாவது, கண்டதை அவர் பூட்டி வைக்கவில்லை. தொழில் ரகசியம் என்று சொல்லிக் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் எல்லா நாட்டுக் கைத்தொழிலிலும் உண்டு. ரெட்டி, எந்த ரோலர், எவ்வளவு எண்ணெய், எந்த வரிசை என்பதையெல்லாம் விளக்கிப் புத்தகமே எழுதினார். அதை நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அச்சகம் 1988இல் வெளியிட்டது. 1976இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அச்சுக்கலைத் துறையை இயக்கினார். பல நாடுகளில் பயிலரங்கு நடத்தினார். இந்தியாவுக்கும் வந்து கற்பித்தார். 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2016இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஹேட்டர், ரெட்டி, அச்சுக் கலைஞர் ஸரினா ஹாஷ்மி மூவரையும் ஒரே கண்காட்சியில் வைத்தது. அங்கே மையப்பொருளாக இருந்தது தனிமேதையல்ல, பட்டறையும் அதன் வழித்தோன்றலும். 2018 ஆகஸ்டில், தொண்ணூற்று மூன்றாம் வயதில், நியூயார்க்கில் மறைந்தார்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் என் பேச்சு விளம்பரமாகிவிடும். கற்பிக்க எளிதான முறை வாய்ப்பாடாக மாறுவதும் எளிது. வண்ண வண்ணமாகச் சுழித்து, பார்த்தவுடன் 'ஆகா' போட வைத்து, இரண்டாம் முறை பார்க்க ஒன்றுமில்லாத அச்சுகள் இந்த முறையில் ஏராளமாக வந்தன. மை விலகுவதைப் பார்க்கும் ஆச்சரியத்திலேயே பலர் நின்றுவிட்டார்கள். தகட்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதை மை சொல்லித்தராது. ரெட்டிக்கு இது தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி அவருடைய பிற்காலப் படங்கள். 1968இல் பாரிஸ் தெருக்களில் மாணவர்கள் இறங்கியபோது 'ஆர்ப்பாட்டக்காரர்கள்' வந்தது. 1981இல் 'பெரிய கோமாளி'. அந்த ஒரே தகட்டிலிருந்து நிறங்களை மாற்றி மாற்றி எத்தனையோ விதமாக எடுத்தார். அதே தகடு, அதே கோடு. ஒன்றில் கோமாளி கொண்டாடுகிறான், இன்னொன்றில் இருட்டில் நிற்கிறான். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்கிற மாணவனுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

6. நாம் செய்யக்கூடியது

கடைசியாக ஒன்று. நம் ஊரில் அச்சோவியத்தைச் சுவரில் பார்த்தால் முதல் கேள்வி, "இது ஒரிஜினலா, காப்பியா?" என்பதுதான். நியாயமான கேள்விதான், நாம் பார்த்து வளர்ந்த அச்சு காலண்டர் அச்சு. அந்தப் படத்துக்கு மூலம் என்று ஓர் ஓவியம் எங்கோ இருந்தது. 'சுழல்' படத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. தகட்டை எடுத்துப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக ஓர் உலோகம், அவ்வளவுதான். படம் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் எத்தனையில் எத்தனையாவது என்று எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தாளும் மூலம்தான். ஐம்பது பேர் ஐம்பது ஊரில் வைத்துக்கொள்ளக்கூடிய மூலம். பணக்காரரின் வரவேற்பறையைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தின் சுவருக்கு வரக்கூடிய கலை இதைவிட வேறொன்று இல்லை.

ஆகவே இந்த அறக்கட்டளையின் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சிறிய பிரஸ் ஒன்று, இரண்டு ரோலர்கள், கொஞ்சம் மை ஆகியவற்றை ஏதாவது ஓர் அரசுப் பள்ளிக்கு வாங்கிக் கொடுங்கள். அமிலம் வேண்டாம், குழந்தைகளுக்கு லினோலியமும் அட்டையும் போதும். மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித்கலா அகாதெமியின் மண்டல மையம் இருக்கிறது, அங்கே அச்சுப் பட்டறையும் இருக்கிறது. போய், தகட்டில் மை போடுவதை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஓவிய ஆசிரியர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை யாராவது டிராயிங் பீரியடைக் கடனாகக் கேட்டால், கொடுக்காதீர்கள்.